மூன்று விளையாட்டு ஆடிய ஃபிரிட்ஸ் கிரைஸ்லரும் அவர் அறியாமல் மூடிய கதவும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பக்கமே போகாதவர்கள்கூட மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஹெல்மெட்டை எங்காவது ஒரு படத்தில் பார்த்திருப்பார்கள். கருநீலத்தில், நெற்றியில் இரண்டு மஞ்சள் சிறகு விரிந்த மாதிரி இருக்கும், உச்சியில் மூன்று கோடு ஓடும். அதை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர். பலருக்கு அவரைத் தெரிந்திருப்பது அந்த ஹெல்மெட்டால்தான், அதற்கு மேல் போனால் அவர் பெயரில் இருக்கும் பாஸ்கெட்பால் அரங்கத்தால். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. கல்லூரியில் மூன்று விளையாட்டு ஆடியவர், அப்புறம் பயிற்சியாளர், அப்புறம் இருபத்தேழு வருடம் விளையாட்டு இயக்குநர், அதாவது பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளையும் நிர்வகிப்பவர். இப்படி ஒரு மனிதர் உருவாவது அந்தக் காலத்தில் சாதாரணம், இன்றைக்கு நடக்கவே நடக்காது. நடக்காமல் போனதற்கான காரணங்களைத் தேடிக்கொண்டே போனால், அதில் ஒன்றை ஆரம்பித்து வைத்ததே கிரைஸ்லர்தான் என்று தெரிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் கையில் முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம், நாம் ஆடும் கால்பந்து இல்லை.

ஹெர்பர்ட் ஓரின் கிரைஸ்லர் 1899 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தில் எர்ல்வில் என்ற சிற்றூரில் பிறந்தார், பண்ணைப் பின்னணி. பள்ளிக்கூடத்தில் அவர் பெரிய ஆட்டக்காரர் எல்லாம் இல்லை, நூறு பவுண்டு எடைகூடத் தேறாத ஒல்லிப் பையன் என்றுதான் சொல்வார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அவர் போனதும் படிப்புக்கான உதவித்தொகையில்தான், விளையாட்டுக்காக யாரும் கூப்பிடவில்லை. அங்கே அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். மைதான ஓரத்தில் பயிற்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்மேல் ஸ்டாக் பின்னாலேயே நடந்துவந்து மோதி விழுந்ததாகவும், ‘நீ ஏன் உடை மாட்டாமல் நிற்கிறாய்’ என்று கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. அடி தாங்காமல் கொஞ்ச நாளில் பையன் ஆட்டத்தை விட்டுவிட, ஸ்டாக் தேடிப்போய் உசுப்பேற்றித் திரும்பக் கொண்டுவந்தார் என்பது அதன் இரண்டாம் பாகம். பயிற்சியாளர்களைப் பற்றிய இந்த மாதிரிக் கதைகள் சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறும், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

ஃபிரிட்ஸ் என்ற பெயரும் ஸ்டாக் வைத்ததுதான். அப்போது ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்று உலகமறிந்த ஆஸ்திரிய வயலின் கலைஞர் ஒருவர் இருந்தார், உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. பயிற்சியில் ஆட்டத்துக்கு ஆட்டம் சொதப்பிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, அந்தக் கலைஞரோடு உனக்கு எந்த ஒற்றுமையும் இல்லை, அதனாலேயே உனக்கு அந்தப் பெயர் என்றாராம். கிண்டலாக ஒட்டிய பெயர் 83 வயதில் அவர் சாகும்வரை கூடவே இருந்தது.

சொதப்பிய பையன் படிப்பு முடிப்பதற்குள் ஒன்பது ‘லெட்டர்’ வாங்கிவிட்டார். அமெரிக்கக் கல்லூரியில் ஒரு விளையாட்டில் பல்கலைக்கழக அணிக்காகப் போதுமான அளவு ஆடினால், ஸ்வெட்டரில் தைத்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் எழுத்தைத் துணியில் கொடுப்பார்கள். ஒரு விளையாட்டு, ஒரு பருவம், ஒரு லெட்டர். அப்போதைய விதிப்படி ஒருவர் மூன்று வருடம்தான் முதன்மை அணியில் ஆடலாம் என்பதால், ஒன்பது லெட்டர் என்றால் ஃபுட்பால், பாஸ்கெட்பால், பேஸ்பால் மூன்றிலும் ஒரு வருடம்கூட விடாமல் ஆடியிருக்கிறார் என்று அர்த்தம்.

இது எப்படி முடிந்தது என்பதற்குப் பதில் நாட்காட்டியில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், குளிர்காலத்தில் கூரைக்குள் பாஸ்கெட்பால், வசந்தம் வந்தால் பேஸ்பால், இல்லாவிட்டால் தடகளம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது ஆரம்பிக்கும். வருடம் முழுக்க ஒரே விளையாட்டுக்குப் பயிற்சி என்ற எண்ணமே அப்போது இல்லை, இருந்தாலும் அதற்குச் சம்பளம் கொடுக்கப் பயிற்சியாளர் பட்டாளம் இல்லை. ஒரே ஆள் மூன்று அணிக்கும் பயிற்சியாளராக இருப்பார், உடற்பயிற்சித் துறைக்குத் தலைவரும் அவரே. ஸ்டாக் அப்படிப்பட்டவர்தான். யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்துவீச்சாளர், 1889-ல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்க ஃபுட்பால் பட்டியலில், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில், இடம் பிடித்தவர். அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டில் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தோடு இருந்து, 1892 மார்ச்சில் நடந்த முதல் பொது ஆட்டத்தில் ஆசிரியர் அணிக்காக ஆடியவர். அதே 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது அதன் தலைவர் ஹார்ப்பர் அவரைப் பேராசிரியர்களுக்கு உள்ள நிரந்தரப் பதவியோடு வேலைக்கு எடுத்தார். ஒரு பயிற்சியாளருக்கு அது புது மரியாதை. நாற்பது வருடம் அங்கேயே இருந்தார்.

கிரைஸ்லர் 1922-ல் பட்டம் வாங்கிவிட்டு ஸ்டாக்கிடமே உதவியாளராகச் சேர்ந்து அந்தப் பத்தாண்டு முழுக்க அங்கேயே கழித்தார். பயிற்சி கொடுப்பதை மட்டும் அவர் கற்றுக்கொண்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. எந்த மைதானம் எப்போது யாருக்கு, ரயில் டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும், எந்த அணி காசு கொண்டுவரும், எந்த அணிக்குக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும் என்கிற வீட்டுக்கணக்கு முழுவதும் ஸ்டாக்கின் அலுவலகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று அணியிலும் ஆடியவனுக்கு அந்தக் கணக்கு இன்னும் சுலபமாகப் புரிந்திருக்கும், ஏனென்றால் கூட்டம் நிரம்பி வழியும் ஃபுட்பால் மைதானத்தையும் அவன் பார்த்திருக்கிறான், ஆள் அதிகம் வராத பேஸ்பால் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறான்.

1930-ல் மின்னசோட்டாவில் தலைமைப் பயிற்சியாளர் பதவி, கூடவே விளையாட்டு இயக்குநர் பொறுப்பு. இரண்டு பருவத்தில் பத்து வெற்றி, ஏழு தோல்வி, ஒரு சமன். சுமார்தான். 1932-ல் பிரின்ஸ்டன் கூப்பிட்டது. பிரின்ஸ்டனில் அதுவரை அங்கே படித்தவர்களைத் தவிர வேறு யாரும் ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை, எர்ல்வில் பண்ணைப் பையன்தான் முதல் வெளியாள். 1933-ல் ஒன்பது ஆட்டமும் வெற்றி, அந்தப் பருவம் முழுக்க எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தமே எட்டுப் புள்ளி. 1935-லும் தோல்வி இல்லை. முதல் இரண்டு வருடம் பாஸ்கெட்பால் அணியையும் அவரே பார்த்துக்கொண்டார். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மிஷிகனுக்கு வந்தது 1938-ல். அவருக்கு முன்னால் அங்கே இருந்த ஹாரி கிப்கியும் இதே அச்சில் வார்த்தவர்தான், மிஷிகனிலேயே ஒன்பது லெட்டர் வாங்கியவர். ஆனால் கடைசி நாலு பருவத்தில் பத்தில் ஜெயித்து இருபத்திரண்டில் தோற்றதால் வெளியேற்றப்பட்டிருந்தார். பல விளையாட்டு ஆடியவர் என்பது வேலை கிடைக்க உதவும், வேலையைக் காப்பாற்றித் தராது.

சிறகு ஹெல்மெட் அந்த வருடம்தான் மிஷிகனுக்கு வந்தது, 1938 அக்டோபர் 1, அதே மாநிலத்தின் இன்னொரு கல்லூரியான மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிராக, 14–0 வெற்றி. உண்மையில் அது கிரைஸ்லரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. முன்பக்கம் சிறகு வடிவில் தடித்த தோல் வைத்துத் தைத்த ஹெல்மெட்டைக் கம்பெனிகள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தன, பிரின்ஸ்டனிலேயே அவர் அதற்கு அந்தப் பல்கலைக்கழக நிறத்தை அடித்துப் பார்த்துவிட்டார். பந்தை எறிகிறவர் தூரத்தில் ஓடும் தன் ஆளைச் சட்டென்று அடையாளம் காண வேண்டும் என்பதுதான் நோக்கம். எல்லா அணியும் ஒரே மாதிரி மங்கலான தோல் தொப்பி போட்டிருந்த காலம் அது.

1940-ல் அவருடைய நட்சத்திரம் டாம் ஹார்மன், நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை அந்த வருடம் வாங்கியவர். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தோல்வி, மழையில் மின்னசோட்டாவிடம் 7–6. கூடுதலாக ஒரு புள்ளி தரும் உதை ஒன்றை ஹார்மன் தவறவிட்டதுதான் வித்தியாசம். கிரைஸ்லர் விட்டுவந்த அதே மின்னசோட்டா ஹார்மன் ஆடிய மூன்று வருடமும் மிஷிகனை ஜெயித்தது. 1941-ல் பழைய இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட் ஓய்வு பெற, இயக்குநர் நாற்காலியும் கிரைஸ்லருக்கு வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை.

அப்புறம் போர். கடற்படையின் பயிற்சித் திட்டத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களை இன்னொன்றுக்கு மாற்றினார்கள், அப்படி விஸ்கான்சினிலிருந்து மிஷிகனுக்கு வந்தவர் எல்ராய் ஹிர்ஷ். ஒரே கல்வியாண்டில் ஃபுட்பால், பாஸ்கெட்பால், தடகளம், பேஸ்பால் நான்கிலும் லெட்டர் வாங்கிவிட்டார். ஒரு நாள் இல்லினாயில் நீளம் தாண்டிவிட்டு, வண்டி ஏறி அண்டை மாநிலம் இண்டியானாவுக்குப் போய் பேஸ்பால் பந்து வீசியதும் உண்டு. பழைய முறை தன் உச்சத்தில் இருந்தது என்று இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் அது உடைய ஆரம்பித்ததும் கிட்டத்தட்ட அதே சமயம், அதே மிஷிகன் அணியால்தான்.

1945 அக்டோபர் 13, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். எதிரே ராணுவக் கல்லூரி அணி. போரால் மற்றக் கல்லூரிகளில் ஆளில்லை, ராணுவக் கல்லூரியில் மட்டும் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர்கள் குவிந்திருந்தார்கள். பிளான்சர்ட், டேவிஸ் என்று அந்த அணியின் இரண்டு ஓட்டக்காரர்களும் அடுத்தடுத்த வருடங்களில் ஹைஸ்மன் வாங்கியவர்கள். மிஷிகனிடம் இருந்ததோ பெரும்பாலும் முதலாண்டுப் பையன்கள், பலருக்கு 17 வயது. அதுவரை ஃபுட்பாலில் பதினொரு பேர்தான் தாக்குவார்கள், பந்து கை மாறியதும் அதே பதினொரு பேர்தான் தடுப்பார்கள். ஒருவர் வெளியே போனால் அந்தக் கால்பகுதியில் திரும்ப வர முடியாது. ஆனால் 1941-ல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள், எந்த ஆட்டக்காரரையும் எந்த நேரத்திலும் மாற்றலாம் என்று. அந்த வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை நாலு வருடமாக யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

கிரைஸ்லர் கவனித்தார். நன்றாக ஓடி எறிபவர்களைத் தாக்கும்போது மட்டும், மோதித் தடுக்கத் தெரிந்தவர்களைத் தடுக்கும்போது மட்டும் என்று பிரித்து, பந்து கை மாறும்போதெல்லாம் எட்டுப் பேர் வரை மாற்றினார். கிரிக்கெட்டில் பேட் செய்ய ஒரு பதினொன்று, பந்து வீச வேறொரு பதினொன்று என்று ஒரு அணி இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. தோற்றார், 28–7. ஆனால் அந்தப் பையன்கள் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஜெயித்த ராணுவ அணியின் பயிற்சியாளர் ரெட் பிளேக் அதை மறக்கவில்லை, தானும் அதையே செய்ய ஆரம்பித்தார், ‘பிளாட்டூன்’ என்ற ராணுவச் சொல்லையும் அதற்கு ஒட்டிவிட்டார்.

அந்த நாளில் கிரைஸ்லர் செய்தது ஏழையின் தந்திரம், கையில் ஆளில்லாதவன் இருக்கிறவர்களைத் துண்டு போட்டுச் சமாளித்தது. ஆனால் போர் முடிந்து ஆட்கள் திரும்பி வந்ததும் அதே தந்திரம் பணக்காரர்களின் முறையாகிவிட்டது. இரண்டு அணி வேண்டுமென்றால் இரண்டு மடங்கு ஆட்டக்காரர்கள் வேண்டும், தாக்குதலுக்கு ஒன்று தடுப்புக்கு ஒன்று எனத் தனித்தனிப் பயிற்சியாளர் வேண்டும். இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்த ஆள் தேவையில்லை, ஒரே ஒரு வேலையை மற்ற எல்லோரையும்விட நன்றாகச் செய்பவன் போதும். அந்த ஒரு வேலையில் இன்னொருவன் முந்திவிடக் கூடாது என்றால் குளிர்காலத்தில் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருக்க முடியாது, வசந்தகாலப் பயிற்சியை விட்டுவிட்டு பேஸ்பால் பக்கம் போக முடியாது. கிரைஸ்லரைப் போன்ற ஒன்பது லெட்டர்காரர் காணாமல் போக இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1950களில் விளையாட்டுக்கென்றே உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியதும், தொழில்முறை லீக்குகள் வளர்ந்ததும், தொலைக்காட்சிப் பணமும் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒரே ஆட்டத்துக்குள்ளேயே ஆளை இரண்டாகப் பிரித்த பிறகு, மூன்று ஆட்டத்தை ஒரே ஆள் ஆடுவது எத்தனை நாளைக்கு நிலைக்கும்?

செலவு தாங்கவில்லை என்று சிறிய கல்லூரிகள் புலம்பியதால் 1953-ல் விதிக் குழு இந்த முறைக்குத் தடை போட்டது. தடை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1960களின் நடுவில் முழுசாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1947 அணிதான் கிரைஸ்லரின் கடைசி அணி, சிறந்த அணியும் அதுவே. பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி யாரிடம் இருக்கிறது என்றே எதிரணிக்குத் தெரியாமல் ஆடியதால் ‘பைத்தியக்கார மந்திரவாதிகள்’ என்று பெயர். ஒரு தோல்விகூட இல்லை. 1948 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் தென் கலிஃபோர்னியாவை 49–0 என்று நசுக்கினார்கள். 1902-ல் நடந்த முதல் ரோஸ் பவுலிலும் மிஷிகன் இதே 49–0 கணக்கில்தான் ஜெயித்தது, யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். நாட்டின் முதல் அணி எது என்று விளையாட்டு நிருபர்கள் வாக்களிக்கும் கடைசிப் பட்டியல் அதற்கு முன்பே முடிந்து நோட்டர் டேம் முதலிடம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டத்துக்குப் பிறகு தனியாக ஒரு வாக்கெடுப்பு வைத்ததில் 226–119 என்று மிஷிகன் ஜெயித்தது, எந்த முடிவு செல்லும் என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் சண்டை போடலாம். அதோடு கிரைஸ்லர் பயிற்சியை விட்டுவிட்டார், 49 வயதில். மொத்தக் கணக்கு 116 வெற்றி, 32 தோல்வி, 9 சமன்.

அடுத்த இருபது வருடம் அலுவலக நாற்காலி. பலரும் இவர் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் வேகமாக ஓடிவிடுகிறார்கள், எனக்கு என்னவோ இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. யோஸ்ட் 1927-ல் கட்டிய மிஷிகன் மைதானத்தின் அடித்தளம் பின்னால் பெரிதாக்குவதற்குத் தோதாகவே போடப்பட்டிருந்தது. 1949-ல் கிரைஸ்லர் மர இருக்கைகளை எடுத்துவிட்டு நிரந்தர இரும்பு இருக்கை போட்டுக் கொள்ளளவை 97,239 ஆக்கினார். 1956-ல் பத்திரிகையாளர் மாடம் கட்டியபோது 101,001 ஆனது. கடைசியில் இருக்கும் அந்த ஒன்று கிரைஸ்லருக்கான இருக்கை என்றும், அது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். அதற்குப் பிறகு மைதானத்தை எத்தனை முறை மாற்றினாலும் அறிவித்த எண் ஒன்றில்தான் முடிகிறது, இப்போது 107,601.

அந்த இருக்கைகளில் சேர்ந்த டிக்கெட் பணம்தான் மற்ற அணிகளுக்குச் சோறு போட்டது. ஃபுட்பால் சம்பாதிக்கும், ஹாக்கியும் நீச்சலும் டென்னிசும் அதில் வாழும். அவர் இயக்குநராக இருந்தபோது மிஷிகன் 1948-ல் நடந்த முதல் தேசியக் கல்லூரி ஐஸ் ஹாக்கிப் போட்டியை ஜெயித்தது, 1953-லும் 1962-லும் பேஸ்பால் தேசியப் பட்டம் வாங்கியது. நீச்சல் குளம் வந்தது. கடைசியில் 1967-ல் புது பாஸ்கெட்பால் அரங்கம் திறந்தது, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் டான் டுவார்ஸ்கி 1947 அணியில் கிரைஸ்லரிடம் ஆடியவர். 1970-ல் அதற்கு கிரைஸ்லர் பெயர் வைத்தார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலில் பெண்கள் இல்லை. அவருடைய இருபத்தேழு வருடத்தில் மிஷிகனில் பெண்களுக்குப் பல்கலைக்கழக அணி என்று ஒன்றே கிடையாது. 1972-ல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகு, அவர் ஓய்வு பெற்று ஐந்தாறு வருடம் கழித்துத்தான் அவை தொடங்கின. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் எல்லா விளையாட்டையும் தாங்கிப் பிடித்த நிர்வாகி என்று அவரைப் புகழும்போது, அந்த ‘எல்லா’வில் யார் யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விதி எழுதும் குழுவிலும் அவர் பல வருடம் இருந்தார். 1958-ல் அவர் தலைமையில்தான் டச் டவுனுக்குப் பிறகு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுசேர்த்த பிறகு, உதைத்தால் ஒரு புள்ளி, ஓடியோ எறிந்தோ கொண்டுபோனால் இரண்டு புள்ளி என்ற விதி வந்தது. கல்லூரி ஃபுட்பாலில் 1912-க்குப் பிறகு புள்ளிக் கணக்கில் வந்த முதல் மாற்றம் அது. பயிற்சியாளர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், சமனில் முடியக்கூடிய ஆட்டத்தில் உதைக்கவா, ஓடவா என்று ஆயிரக்கணக்கானோர் முன்னால் முடிவெடுக்கும் தலைவலி அவர்களுக்குத்தானே.

அவரிடம் ஆடியவர்களில் இந்தப் பரம்பரை ஒரு தலைமுறை தொடர்ந்தது. நாலு லெட்டர் ஹிர்ஷ் தொழில்முறை ஆட்டம் முடித்து, 1969 முதல் 1987 வரை விஸ்கான்சினில் விளையாட்டு இயக்குநர். 1947 அணியின் எலியட் சகோதரர்கள் இருவரும் அப்படியே. பீட் எலியட் ஃபுட்பால், பாஸ்கெட்பால், கோல்ஃப் மூன்றிலும் சேர்த்துப் பன்னிரண்டு லெட்டர், அப்புறம் நெப்ராஸ்கா, கலிஃபோர்னியா, இல்லினாய், மயாமி என்று நாலு இடத்தில் தலைமைப் பயிற்சியாளர், பின்னால் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் அரங்கத்துக்கு நிர்வாக இயக்குநர். அண்ணன் பம்ப் எலியட் மிஷிகனில் பத்து வருடம் பயிற்சியாளர், அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் அயோவாவில் இயக்குநர். 1948-ல் கிரைஸ்லரின் இடத்துக்கு வந்த பென்னி ஊஸ்டர்பான் இருபதுகளில் மிஷிகனில் ஃபுட்பால், பாஸ்கெட்பால் இரண்டிலும் அகில அமெரிக்கர், பேஸ்பாலிலும் கில்லாடி. முதல் வருடமே தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

1968-ல் கிரைஸ்லர் ஓய்வு பெற்றபோது வந்தவர் டான் கேனம், மிஷிகனில் உயரம் தாண்டி 1940-ல் தேசியப் பட்டம் வென்றவர், அப்புறம் தடகளப் பயிற்சியாளர். அவர் முதலில் கவனித்தது கிரைஸ்லர் பெரிதாக்கிவிட்டுப் போன மைதானத்தில் காலியாகக் கிடந்த இருக்கைகளைத்தான். அறுபதுகளில் அணி பெரிதாக ஒன்றும் சோபிக்கவில்லை, 1964 அணி ஒரு விதிவிலக்கு. கேனம் டிக்கெட்டைக் கடை விரித்து, விளம்பரம் செய்து விற்க ஆரம்பித்தார், 1969 பருவத்துக்கு போ ஷெம்பெக்லரை ஃபுட்பால் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். விளையாட்டு இயக்குநர் வேலை என்பது பழைய ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் மரியாதைப் பதவி என்ற நிலையிலிருந்து வியாபாரம் நடத்தும் வேலையாக மாறியது அங்கிருந்துதான் என்று பலர் சொல்வார்கள். இன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகங்களில் அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் நன்கொடை திரட்டியவர்களும் வழக்கறிஞர்களும் கம்பெனி நிர்வாகிகளும் நிறைய.

ஆட்டக்காரர்கள் பக்கமும் அதே கதைதான். 2024-ல் கொலராடோவின் டிராவிஸ் ஹன்ட்டர் தாக்குதலிலும் தடுப்பிலும் சேர்ந்து ஆடி ஹைஸ்மன் வாங்கியபோது நாடே அதை அதிசயமாகப் பேசியது, ஒரு மனிதனின் உடம்பு இதைத் தாங்குமா என்று விவாதம் நடத்தியது. சிகாகோவில் கிரைஸ்லர் ஆடிய காலத்தில் மைதானத்தில் இறங்கிய இருபத்திரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், பருவம் முடிந்ததும் அவர்களில் பலர் பாஸ்கெட்பால் பயிற்சிக்குப் போனார்கள்.